ஊர் ஊழியரை ஊரே வளர்க்க வேண்டும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குப் பங்கு மூலதனம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, பேரேடும் ரசீதுப் புத்தகமும் இருக்கின்றன, காரியதரிசியும் கணக்கரும் இருக்கின்றனர். இவை யாவும் குறைவின்றி அமைந்திருந்தும் மகாசபைக் கூட்டத்திற்கு அங்கத்தினர் வந்து சேராத சங்கங்கள் பல. வந்தவர்களிலும் பலர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு, ஆண்டறிக்கை வாசித்து முடியுமுன்னரே எழுந்து போய்விடுகின்றனர். சங்கம் தம்முடையது என்ற எண்ணம் இவர்களுக்கு ஏன் எழவில்லை? சங்கத்தின் வாசற்படிக்கும் அங்கத்தினர் வீட்டு வாசற்படிக்கும் இடையே நாள்தோறும் நடந்து செல்லும் ஆள் இல்லாமையே முதற்காரணம் என்பது நம் கருத்து. அந்த ஆளை எங்கே கண்டெடுப்பது, எவ்வாறு பயிற்றுவது, எவ்வாறு தாங்குவது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

அணைக்கட்டு வட்டாரத்தை மனத்திற்கொண்டே இதை எழுதுகிறோம். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உத்திரகாவேரி இறங்கிவரும் பூமி இது. வடக்கே பள்ளிகொண்டாவை ஒட்டிப் பாலாறு கிடக்கிறது. மேற்கே ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. குடியாத்தம் கைத்தறி லுங்கிக்குப் பெயர் பெற்றது. இப்பகுதியில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால், தகப்பனார் நிலக்கடலையோ கரும்போ பயிரிடுவார். தாயார் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றுவார். மகள் விடியற்காலைப் பேருந்தில் காலணித் தொழிற்சாலைக்குப் போவாள். ஒரே கூரையின்கீழ் மூன்று தொழில்கள்; கூலியையும் விலையையும் நிர்ணயிப்போரும் வெவ்வேறானவர்கள். இத்தகைய குடும்பங்களை ஒன்றுசேர்ப்பதற்குத் தொழிலை மட்டும் அறிந்தவர் போதார்; ஊரையும் அறிந்தவர் வேண்டும்.

நிக்கல்சன் தேடிய மனிதர்

இது புதிய கருத்தன்று. நம் நாட்டில் கூட்டுறவுச் சட்டம் பிறப்பதற்கு முன்பே சொல்லப்பட்டது. சென்னை ராஜதானியின் குடியானவர்கள் கடன் சுமையால் நலிவதைக் கண்ட அரசாங்கம், பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை ஐரோப்பாவின் விவசாய வங்கிகளை ஆராய்ந்து வருமாறு பணித்தது. அவர் 1895ஆம் ஆண்டிலும் 1897ஆம் ஆண்டிலும் தம் அறிக்கையை இரு பகுதிகளாக அளித்தார். சட்டங்களையும் வட்டி விகிதங்களையும் வெகு விரிவாக ஆராய்ந்த அவர், முடிவில் வந்து நின்ற இடம் ஒரு மனிதரின் பெயர். ஜெர்மனியின் சிற்றூர்களில் ஊர்த்தலைவராக இருந்து, தம் ஊராரைக் கொண்டே கடன் சங்கங்களை எழுப்பிய ரைபைசன் என்பவரைப் போன்ற ஆட்களை இந்நாட்டுக் கிராமங்களில் கண்டுபிடியுங்கள் என்பதே அவர் யோசனையின் சாரம்.

1904ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே திரூரில் விவசாயக் கடன் சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றின. 1905இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் சங்கம் அமைந்தது. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் என்று இன்று நாம் அழைக்கும் தலைமைச் சங்கம் ஏற்பட்டது. ஸ்தாபனங்கள் வரிசையாக வளர்ந்தன. நிக்கல்சன் தேடச் சொன்ன மனிதரைத் தேடும் வேலை மட்டும் அந்த வேகத்தில் நடைபெறவில்லை.

சுதந்திரத்திற்குப் பின் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, கிராம சேவகர் என்னும் ஊழியர் ஊர்தோறும் வந்தார். விதை, உரம், கிணறு, பள்ளிக்கூடம், சுகாதாரம் என எல்லாம் அவர் பொறுப்பாயின. பலர் உண்மையாக உழைத்தனர். ஆயினும் அவர் மேலேயிருந்து அனுப்பப்பட்டவர். தம் வேலைக்கு மேலதிகாரியிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். மாற்றல் உத்தரவு வந்தால் போய்விடுபவர். 1957இல் பல்வந்தராய் மேத்தா குழு இத்திட்டத்தை ஆராய்ந்தபோது, மக்கள் இதைத் தமது காரியமாக ஏற்கவில்லை என்ற குறையை எடுத்துக் காட்டியது. நாம் இங்குப் பேசும் ஊர் ஊழியர் வேறு வகையினர். அவர் அங்கத்தினருள் ஒருவர். அங்கத்தினருக்கே பதில் சொல்பவர்.

பாலாற்றங்கரைப் பாடம்

இத்தகைய ஊழியர் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் கண்முன்னே ஒரு வரலாறு இருக்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றிலும் நிலத்திலும் கலந்து கிணறுகளைக் கெடுத்ததைப் பற்றி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும், கேடு வருமுன் காக்கவேண்டும் என்னும் இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று நீதிமன்றம் அத்தீர்ப்பில் உறுதிசெய்தது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற்போனதென்ற வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் மதிப்பீடு அத்தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது.

அத்தீர்ப்பில் மற்றொரு கணக்கும் இடம்பெற்றிருக்கிறது. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் தன்னார்வ அமைப்பொன்று குடிநீருக்கும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளை ஆராய்ந்து, அவற்றுள் 350 கெட்டுவிட்டன என்று எழுதிவைத்தது. கிணற்றை எண்ணுவது பெரிய வித்தையன்று. ஊர் ஊராக நடக்கவேண்டும், கிணற்றுக்குரியவரிடம் பேசவேண்டும், கண்டதைக் கண்டபடி எழுதவேண்டும். அவ்வாறு எழுதிய குறிப்பு டில்லி வரை சென்று சாட்சியாக நின்றது.

தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001ஆம் ஆண்டில் இழப்பீட்டை நிர்ணயித்தது. அன்றைய வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டோர் 29,193 பேர் என்றும், 547 ஆலைகள் தரவேண்டிய தொகை ஏறத்தாழ ரூ. 26.82 கோடி என்றும் கணக்கிடப்பட்டது. அதன் பின்னும் விவகாரம் ஓயவில்லை. 2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி உச்சநீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்து, இழப்பீடு இன்னும் பெறாத குடும்பங்களுக்கு அரசு முதலில் வழங்கிவிட்டு, அத்தொகையை மாசுபடுத்தியவரிடமிருந்து வசூலிக்க வேண்டுமெனவும், நிலைமையைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைக்க வேண்டுமெனவும் கட்டளையிட்டது. வழக்குத் தொடுத்த நாளிலிருந்து கணக்கிட்டால் 33 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இத்தனை ஆண்டுகளில் ஒரு குடும்பத்தில் என்னென்ன நேரக்கூடும் என்பதை அங்கத்தினர் எண்ணிப் பார்க்கவேண்டும். நிலத்துக்குரியவர் காலமாகியிருப்பார். நிலம் மக்களிடையே பாகம் பிரிந்திருக்கும். பட்டா மாறியிருக்கும் அல்லது மாறாமலே இருக்கும். ஒரு மகன் வேறூருக்குப் போயிருப்பான். இழப்பீட்டு ஆணை எழுதப்பட்ட பெயரில் இன்று ஊரில் ஒருவரும் இல்லாதிருக்கலாம். வாரிசுச் சான்றும் பழைய ரசீதும் கிணற்று நீரைச் சோதித்த தாளும் ஒரே இடத்தில் பத்திரமாக இருந்தாலன்றி, உச்சநீதிமன்றமே கட்டளையிட்டாலும் பணம் உரியவர் கைக்கு வந்து சேர்வது எளிதன்று. வழக்கறிஞர் நீதிமன்றத்தில் பேசுவார். ஊரில் பெயர்ப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு முப்பது ஆண்டு நிற்கவேண்டியவர் ஊர் ஊழியர்தாம். அவருக்குப் பின் அவரிடம் பயின்ற மற்றொருவர்.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. கெட்ட கிணற்றுக்குரிய தகப்பனார் ஆலையின்மீது குறை கூறுவார். அவர் வீட்டு மகனோ மகளோ அதே தோல் தொழிலில் கூலி பெறுவர். ஆலையை மூடினால் கூலி போகும். கழிவைத் தடுக்காவிட்டால் நிலம் போகும். இவ்விரு சாராரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்து, வேலையும் நிலைக்கவேண்டும், கழிவுநீர் சுத்திகரிப்பும் ஒழுங்காக நடக்கவேண்டும் என்று ஒரே மனுவில் கேட்கச் செய்வதற்கு ஊராரின் நம்பிக்கை வேண்டும். வெளியாருக்கு அந்நம்பிக்கை ஒரு நாளில் கிட்டாது.

சென்னையில் தோன்றி வேலூர் வந்த வழி

ஊர் ஊழியரை அங்கத்தினருள்ளிருந்தே வளர்க்க முடியுமா? முடியும் என்று காட்டிய ஸ்தாபனங்களுள் ஒன்று நம் மாநிலத்திலேயே பிறந்தது. ஜெயா அருணாசலம் என்னும் அம்மையார் அரசியல் கட்சிப் பணியில் இருந்தவர். சென்னைச் சேரிகளில் வெள்ள நிவாரணப் பணியின்போது அங்குள்ள பெண்களோடு பேசினார். காய்கறி விற்பவர்களும் பூக்கட்டுபவர்களும் இட்டிலி சுட்டு விற்பவர்களும் கேட்டது தானத்தையன்று. அன்றாட முதலுக்குக் குறைந்த வட்டியில் கடனையே கேட்டனர். 1978ஆம் ஆண்டில் சுமார் 800 பெண்கள் சேர்ந்து உழைக்கும் மகளிர் சங்கத்தை அமைத்தனர்.

தேசியமயமான வங்கிகளில் ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் திட்டம் அதற்கு முன்பே இருந்தது. திட்டம் இருந்ததேயன்றி இப்பெண்கள் வங்கிப் படியேறியதில்லை. ஒரே தெருவைச் சேர்ந்த பெண்கள் சிறு குழுவாகக் கூடி, ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று, தங்களுள் ஒருத்தியைத் தலைவியாகத் தேர்ந்தனர். அத்தலைவி விண்ணப்பத் தாளை நிரப்ப ஏற்பாடு செய்வாள். வங்கிக்கு உடன் செல்வாள். தவணை தவறிய வீட்டிற்குப் போய்க் காரணம் கேட்பாள். நன்றாகச் செயலாற்றிய தலைவி அடுத்த தெருவிலும் குழு அமைக்க அனுப்பப்பட்டாள். இவ்வாறே ஊழியர் படை கீழிருந்து எழுந்தது. பட்டம் பெற்றவரை விளம்பரம் செய்து தேடவில்லை. கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய அனுபவமே முதல் தகுதி.

வங்கிகளின் தாமதத்தையும் அலைச்சலையும் கண்ட அவர்கள், 1981ஆம் ஆண்டில் தங்களுக்கென ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தையே அமைத்துக்கொண்டனர். அதற்குள் இயக்கம் சென்னையைத் தாண்டிப் பரவத் தொடங்கிவிட்டது. திண்டுக்கல் பக்கத்துக் கிராமப் பெண்கள், அதிராம்பட்டினத்து மீனவப் பெண்கள், ஆந்திரத்தின் நர்சாபூரில் சரிகைப் பின்னல் வேலை செய்வோர், நம் வேலூர்ப் பகுதியில் பீடி சுற்றும் பெண்கள் என ஊருக்கேற்ற தொழிலாளரை அது சேர்த்துக்கொண்டது. அம்மையார் 2019ஆம் ஆண்டில் காலமானார்.

பீடித் தொழிலை எடுத்துக்கொண்டால் ஊழியரின் அருமை நன்கு விளங்கும். இலையும் தூளும் நிறுத்துத் தருபவர் ஏஜெண்டு. சுற்றிய கட்டுகளை எண்ணிப் பார்த்து, சரியில்லை என்று சிலவற்றைக் கழிப்பவரும் அவரே. அளவில் குறைந்த இலைக்கு ஈடாகத் தம் காசில் இலை வாங்கிச் சுற்றிய பெண் தனியாகப் போய் வழக்குரைத்தால், மறுநாள் அவளுக்கு இலை கிடையாது. 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றுக்கொண்டது. ஏட்டில் கிடைத்த அவ்வுரிமையை அனுபவிக்க வேண்டுமானால், தாம் எவருக்காகச் சுற்றுகிறோம் என்பதை அப்பெண் காட்டவேண்டும். ஒரு தெருவிலுள்ள இருபது பெண்களும் ஒரே நாளில் தங்கள் கணக்கைக் குறித்துவைத்துச் சேர்ந்து கேட்டால், ஏஜெண்டு இருபது பேருக்கும் இலையை மறுக்க இயலாது. அந்த இருபது பேரைச் சேர்ப்பவளே ஊர் ஊழியர்.

குஜராத்தில் எலா பட் அம்மையார் 1972ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா சங்கத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. முதலாளி இன்னாரென்று காட்ட முடியாதவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று பதிவு அலுவலகம் முதலில் மறுத்தது. முதலாளியை எதிர்ப்பது மட்டும் சங்கத்தின் நோக்கமன்று, தொழிலாளர் ஒன்றுபடுவதும் நோக்கமே என்று வாதாடிப் பதிவு பெற்றனர். 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுக் கூட்டுறவு வங்கி கண்டனர். கையெழுத்திடத் தெரியாதவர்களுக்கு நிழற்படம் ஒட்டிய கணக்குப் புத்தகம் தரப்பட்டது. வீட்டிலிருந்து வேலை செய்வோரைப் பற்றிய சர்வதேச ஒப்பந்தம் 1996இல் ஜெனீவாவில் நிறைவேறியதற்கும் அவர்களுடைய முயற்சி துணைநின்றது. ஆம்பூர் பக்கத்தில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஜோடிக் கணக்கில் காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் பெண்களுக்கும் இது பொருந்தும் விஷயமே. இந்தியா இன்னும் அவ்வொப்பந்தத்தை ஏற்கவில்லை.

எதைப் பயிற்றுவது?

பயிற்சி என்றவுடன் மண்டபத்தில் நாற்காலி போட்டு மூன்று நாள் சொற்பொழிவு நடத்துவதையே பலர் எண்ணுகின்றனர். அதனால் பெரும்பயன் விளைவதில்லை. ஊர் ஊழியர் நான்கு காரியங்களைக் கற்கவேண்டும்; நான்கையும் செய்து செய்தே கற்கவேண்டும்.

முதலாவது, கேட்கும் பழக்கம். புதிய ஊழியர் முதல் மாதத்தில் ஒரு வாக்குறுதியும் தரலாகாது. தம் பகுதியிலுள்ள ஒவ்வொரு வீட்டிற்கும் போய் உட்கார்ந்து, அவர்கள் எதற்காகக் கடன் வாங்கினர், எங்கே விற்றனர், எதில் நஷ்டப்பட்டனர் என்று கேட்டறிய வேண்டும். நாற்பது வீட்டைக் கேட்டபின், ஊராரின் பொதுக்குறை எது என்பது தானே தெரிந்துவிடும்.

இரண்டாவது, கணக்கு. நெசவாளர் சங்கத்து ஊழியருக்குப் பாவும் ஊடையும் எவ்வளவு கொடுக்கப்பட்டன, நெய்த துண்டுக்குக் கூலி எவ்வளவு, சேமிப்பு நிதிக்குப் பிடித்தது எவ்வளவு என்பதை அங்கத்தினரின் பாஸ் புத்தகத்தோடு பேரேட்டை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியவேண்டும். விவசாயச் சங்கத்து ஊழியருக்குப் பயிர்க்கடனின் அசல், வட்டி, தவணை நாள் ஆகியவை விரல்நுனியில் இருக்கவேண்டும். கணக்குத் தெரியாத ஊழியர் முழக்கமிட முடியுமேயன்றி வாதாட முடியாது.

மூன்றாவது, மனு எழுதுதல். எந்தக் குறையை எந்த அலுவலகத்தில் கொடுப்பது, ஒப்புகைச் சீட்டு எவ்வாறு பெறுவது, பதில் வராவிடில் அடுத்து எங்கே செல்வது என்பவற்றை அறியவேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவ்விஷயத்தில் ஊழியருக்குப் பெரிய ஆயுதம்.

நான்காவது, கூட்டம் நடத்துதல். எல்லோரிலும் உரக்கப் பேசுபவரே கூட்டத்தை நடத்திவிடுவது நம் ஊர்களில் வழக்கம். பின்வரிசைப் பெண்ணும், காலனியிலிருந்து வந்த முதியவரும் பேசும்வரை காத்திருப்பதும், முடிவை எல்லோர் முன்னும் வாசித்துக் காட்டி எழுதிக்கொள்வதும் கற்கவேண்டிய திறமைகளே.

எவ்வாறு தாங்குவது?

பயிற்சிக்குப் பின் ஊழியரைக் கைவிடுவதே பெரும்பாலான முயற்சிகள் வாடிப்போவதற்குக் காரணம். தறியை விட்டு ஒரு நாள் ஊர்வேலைக்குப் போகும் நெசவாளிக்கு அன்றைய கூலி இல்லை. பீடி சுற்றும் பெண்ணுக்கும் அவ்வாறே. சேவை மனப்பான்மை இருந்தால் போதும் என்று நாம் உபதேசித்தால், வசதியுள்ளவர் மட்டுமே ஊழியராவர். ஏழையின் சங்கம் மீண்டும் வசதியுள்ளவர் கைக்குப் போகும். ஆகவே, இழந்த நாட்கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் சங்கமே ஈடுசெய்ய வேண்டும். நூலுக்கும் உரத்திற்கும் செலவு எழுதுவதுபோல் இதற்கும் பேரேட்டில் ஓர் இனம் இருக்கவேண்டும்.

பணம் மட்டும் போதாது. ஏஜெண்டின் குறையை எடுத்துரைத்த பெண்ணுக்கு மறுநாள் இலை மறுக்கப்பட்டால், அன்றே நிர்வாகக் குழுவினர் அவள் வீட்டிற்குச் செல்லவேண்டும். மாதம் ஒருமுறை பக்கத்து ஊர்களின் ஊழியர்கள் ஒன்றுகூடித் தத்தம் தொல்லைகளைப் பேசிக்கொள்ள இடம் தரவேண்டும். தனியாக நிற்கிறோம் என்ற எண்ணமே ஊழியரை முதலில் வீழ்த்துகிறது.

சில ஐயங்கள்

இவ்வூழியர் நாளடைவில் தரகராகிவிட மாட்டாரா என்று சிலர் கேட்பர். நியாயமான அச்சமே. மனுவுக்கு இவ்வளவு, கடனுக்கு இவ்வளவு என்று வாங்கத் தொடங்கிய ஊழியரை நாம் கேள்விப்படாமலில்லை. இதற்கு மருந்து உண்டு. ஊழியர் தம் நாட்குறிப்பையும் செலவையும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஊர்க்கூட்டத்தில் வாசிக்கவேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மேல் ஒருவரே நீடிக்கலாகாது. தமக்குப் பதிலாக இருவரைப் பழக்கியவரே நல்ல ஊழியர் என்று கருதப்படவேண்டும்.

பயின்றவர் நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவாரே என்பது மற்றோர் ஐயம். போகட்டும், அவர் கற்றது ஊரிலுள்ள மற்றவரிடமும் தங்கியிருந்தால் நஷ்டமில்லை. செலவு மிகுமே என்பது மூன்றாவது. கூட்டுறவுக் கல்வி நிதிக்கென ஒவ்வொரு சங்கமும் தன் இலாபத்தில் பங்கு ஒதுக்குவது சட்டத்திலேயே உள்ளது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து நெசவாளர்களும் தோழர்களும் 1844இல் கடை திறந்து, சில ஆண்டுகளிலேயே இலாபத்தில் இரண்டரை சதவீதத்தைக் கல்விக்கென ஒதுக்கினர். அவர்களைவிட நாம் ஏழைகளல்லர்.

அடுத்த மகாசபைக்கு

அணைக்கட்டு வட்டாரத்துச் சங்கங்கள் அடுத்த மகாசபையில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுமென யோசனை கூறுகிறோம். ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினருள் இருவரைத் தேரட்டும்; ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். விவசாயச் சங்கமும் நெசவாளர் சங்கமும் பால் சங்கமும் சேர்ந்து பொதுவில் ஓராண்டுப் பயிற்சியை நடத்தட்டும். அவற்றின் அங்கத்தினர் பெரும்பாலும் ஒரே குடும்பத்தினர்தாமே. முதல் வேலையாக, தத்தம் ஊரின் கிணறுகளை எண்ணி, நீரின் நிலையையும் உரியவர் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். வீட்டிலிருந்து பீடி சுற்றுவோர், காலணி தைப்போர் பெயர்களை இரண்டாவது குறிப்பேட்டில் எழுதட்டும்.

தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு இன்றித் தனி அலுவலர் பொறுப்பில் சங்கங்கள் நடந்த காலங்களை நம் அங்கத்தினர் அறிவர். அத்தகைய காலத்திலும் சங்கத்தின் உயிர் போகாமல் காப்பது அங்கத்தினரோடு தொடர்பு விடாத ஊர் ஊழியர்தாம். அவ்விரு குறிப்பேடுகளும் சங்கத்தின் பெட்டியில் இருக்குமானால், அடுத்த முறை ஓர் அலுவலகமோ நீதிமன்றமோ பாதிக்கப்பட்டோர் யார் என்று கேட்கும்போது விடை கையில் இருக்கும். இவ்வேலைக்கு அங்கத்தினர் முன்வருவார்களாக. சங்கங்கள் அவர்களுக்குத் துணைநிற்பனவாக.